வாசல் பெஞ்சிலிருந்து எழுந்தவர்

தேவசகாயம் எங்கள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியபோது உள்ளே பாட்டு பாதியில் நின்றுவிட்டது.

நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், அவள் வாய் மூடியது. அவளைப் பார்த்து அடுத்தவள் திரும்பினாள். ஆர்மோனியம் மட்டும் இன்னும் ஓர் அடி தனியாகப் பாடிவிட்டு, வெட்கப்பட்டு நின்றது. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் கிறிஸ்தவக் கோயில் சிறியது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. யார் உள்ளே வந்தாலும் தரைப்பலகை காட்டிக் கொடுத்துவிடும்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து, கதவையொட்டிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்கு எங்கள் சபையில் வாசல் பெஞ்சு என்று பெயர். அதில் யாரையாவது உட்கார வைத்துப் பார்த்திருக்கிறேன். தானாகவே போய் உட்கார்ந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

என் மடியில் திருவிருந்துக்கான அப்பத் தட்டு இருந்தது. அதைத் தூக்கி அவர்மேல் எறிய வேண்டும் போலிருந்தது. எழுதும்போது கொஞ்சம் நாகரிகமாக மாற்றிப் போடலாம்தான். ஆனால் இருந்தது அப்படித்தான்.

என் கணவரைச் சயாமுக்கு அனுப்பி வைத்தவர் அவர்.

மூன்று மாதம்

அப்போது வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர் பாக்கியநாதன், அவருடைய தங்கை ஞானம். ஞானம் கையால் சுற்றுகிற தையல் மெஷின் வைத்திருந்தாள். ஊசியைவிட அவள் நாக்கு கூர்மை. நாத்தனாரும் அண்ணியும் ஒரே அடுப்பில் சமைத்தோம் என்றால், அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இருந்திருக்காது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

என் கணவர் தெங்கேராவில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தார். கோயிலுக்கு அப்பமும் அவர்தான் சுட்டுக் கொடுப்பார். மாவு பொங்குவதற்குக் கள் ஊற்றிப் பிசைவார். அந்தக் காலத்து ரொட்டிக் கடைகளில் அது வழக்கம். கள்ளுக்கடையைக் கண்டித்து ஒரு மணி நேரம் பிரசங்கம் நடக்கும். அது முடிந்ததும் மூப்பர்கள் அதே அப்பத்தைப் பயபக்தியோடு வாங்கிக்கொள்வார்கள். அவர் கடைக்கண்ணால் என்னைப் பார்ப்பார். நான் பாட்டுப் புத்தகத்தில் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

ஜப்பான்காரன் வந்தான், கோதுமை மாவு நின்றது. ரொட்டிக் கடை அடுப்பு அணைந்தது. அவர் வீட்டில் உட்கார்ந்து கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தேவசகாயம் எங்கள் சபைக்காரர்தான். புக்கிட் காதில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை. கணக்கு எழுதுவார், ஆளைக் கூப்பிடுவார், நல்ல பேச்சு. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் ஜப்பான்காரன் அவரைப் பிடித்து, சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், ஆளைச் சேர் என்று சொல்லிவிட்டான். அவர் வீடு வீடாகப் போனார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"மூணு மாசம்தான் தங்கச்சி. அரிசி குடுப்பான், சம்பளம் குடுப்பான். கர்த்தர் திறந்த வாசல்னு நெனச்சுக்க" என்றார். நான் போட்டுக் கொடுத்த சோளக் காப்பியைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். சோளக் காப்பி எந்தக் காலத்திலும் நன்றாக இருந்ததில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று மாதம் ஆயிற்று, ஆறு மாதம் ஆயிற்று, வருஷம் புரண்டது. ஒரு கடுதாசி இல்லை. பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சத்து அம்மாள், சிட்டி அம்மாள் என்போம், இருந்தார். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து "சூடா மாக்கான்?" என்பார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்பது அங்கே வணக்கம் சொல்கிற மாதிரி. "சூடா" என்று நான் சொல்வேன். அந்தக் காலத்தில் மலாக்கா முழுவதும் எல்லாரும் தினம் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன்.

பெஞ்சு சொல்லிக்கொடுத்த பாடம்

வாசல் பெஞ்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்போதுள்ள சபைகளில் அப்படி ஒன்று இல்லை.

குடித்துவிட்டு அடித்தவர், இரண்டாவது குடும்பம் வைத்துக்கொண்டவர், சொல்லாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவர், இவர்களெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். பிரசங்கம் கேட்கலாம், காணிக்கை போடலாம். காணிக்கையை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆனால் திருவிருந்துப் பந்திக்கு வரக் கூடாது. ஆள் திருந்திவிட்டார் என்று மூப்பர்கள் எப்போது சொல்கிறார்களோ அப்போதுதான் ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், போய்க் கையைப் பிடித்து முன்னால் கூட்டி வருவார்.

காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மந்திரித்த கயிறு கட்டினாள் என்று ஒரு தாயை அதில் உட்கார வைத்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து பந்திக்குப் போகிற வயது வந்தது. தாய் இன்னும் பெஞ்சிலேயே இருந்தாள். கேட்டால், இன்னும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

முதலில் நல்லவனாகு, பிறகு கடவுள் ஏற்றுக்கொள்வார். இதை எந்த ஐயரும் எங்களுக்குப் போதிக்கவில்லை. அந்தப் பெஞ்சு போதித்தது. நாங்கள் அதைத்தான் கிறிஸ்தவம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஐயர் அப்போது மலேரியாவில் பாதியாகிப் போயிருந்தார். அங்கி மட்டும் பழைய ஆளுக்குத் தைத்தது. தேவசகாயம் வந்து உட்கார்ந்த வாரத்திலிருந்து அவர் பிரசங்கத்தில் இரண்டு சொற்களையே பிடித்துக்கொண்டார். நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல். வயிறு காலியாக இருக்கிறவர்கள் வாயில் நுழைகிற சொற்களா இவை?

"ரெண்டும் ஒண்ணில்லை" என்று அவர் இருமிக்கொண்டே சொல்வார். "பாவியைக் கடவுள் கிறிஸ்துவுக்காக நீதிமான்னு தீர்ப்புச் சொல்றார். அது ஒரே தடவை, முழுசா. அதுக்கு நம்ம பக்கத்துலேருந்து ஒரு காசு கிடையாது. அதுக்கப்புறம் ஆவியானவர் நம்மைக் கொஞ்சங்கொஞ்சமா மாத்துறார். அது சாகிற வரைக்கும் நடக்கிற வேலை. முன்னது வேர், பின்னது பழம். நாம பழத்தைக் கொண்டா, அப்புறம் வேர் விடலாம்னு சொல்லிக்கிட்டிருக்கோம்."

யாருக்காகச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். என் முதுகு விறைத்துவிடும்.

சபைக் கூட்டம்

ஈஸ்டருக்கு முன்னால் கூட்டம் கூட்டினார்கள். தேவசகாயம் வெளியே மாமரத்தடியில் நின்றார். அவர் ஐயரிடம் பலமுறை வந்து அழுதிருக்கிறார், உடம்பு சரியில்லை என்று சொல்லி ஆள் சேர்க்கிற வேலையிலிருந்து கழன்றுகொண்டார், ஈஸ்டருக்குப் பந்திக்கு வர விரும்புகிறார். விஷயம் இதுதான்.

"இன்னொரு வருஷம் உட்காரட்டும் ஐயா, பாப்போம்" என்றார் பெரிய மூப்பர்.

"ஒரு வருஷம் பெஞ்சில உட்கார்ந்தா யோக்கியனாயிடலாமா?" என்று ஐயர் கேட்டார். "அப்படின்னா சொல்லுங்க, நானும் வந்து உட்கார்றேன்."

நான் எழுந்தேன். பெண்கள் பேசுகிற வழக்கமில்லை. பேசினேன்.

"எங்க வீட்டுக்காரர் திரும்பி வரட்டும். அவர் வந்து இந்தத் தரையில கால் வைக்கட்டும். அதுக்கப்புறம் இவர் பந்திக்கு வரட்டும்."

மூப்பர் தலையாட்டினார். விஷயம் முடிந்தது என்று நான் உட்காரப் போகும்போது எனக்குப் பக்கத்தில் ஞானம் எழுந்தாள்.

"போனது எங்க அண்ணன்" என்றாள். "எனக்கும் வயிறு எரியுது. ஆனா ஐயா சொல்றது சரி. தேவசகாயத்துக்குக் கடவுள் கிட்ட இடம் இல்லேன்னா எனக்கும் இல்லை. அவர் வரட்டும்."

கூடப் பிறந்தவளே சொன்ன பிறகு மூப்பர்களுக்கு வேறு வழியில்லை. நான் அவளிடம் பேசாமல் வீட்டுக்கு நடந்தேன். அவளும் பேசாமல் பின்னால் வந்தாள். எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி அதற்குமுன் நிலவியதில்லை.

அடுப்படிச் சண்டை

அமைதி அடுப்படி வரைக்கும்தான்.

என் கணவர் போன பிறகு அப்பம் சுடுகிற வேலை என் தலையில் விழுந்திருந்தது. கோதுமைக்கு எங்கே போவது? மரவள்ளிக்கிழங்கைத் துருவி, ஊறவைத்து, பிழிந்து, காயவைத்து, இடித்துச் சலித்து, தோசைக்கல்லில் சுடுவேன். கல்லிலிருந்து எடுக்கும்போதே உடையும். போன வாரம் இந்தப் பத்தியில் மரவள்ளியைப் பற்றி எழுதியதற்கு, இவ்வளவு விவரம் எதற்கு என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, ஜப்பான்காரன் ஆண்ட அந்த மூன்றரை வருஷமும் நாங்கள் வேறு எதைத் தின்றோம் என்று நினைக்கிறீர்கள்?

துருவிக்கொண்டே கத்தினேன். "ஒரு மனுஷன் ஊரையே ஏமாத்துவான், அழுவான், உடனே எல்லாம் சரியாப் போச்சா? ஒண்ணுமே செய்யாம?"

"நீ கர்த்தரைவிடப் பெரிய மாஜிஸ்திரேட்டு அண்ணி" என்றாள் ஞானம்.

"திருந்தினதைக் காட்டட்டும்னுதானே சொல்றேன்."

"எங்க அண்ணன் உனக்குத் தாலி கட்டினாரே, அன்னைக்கே நீ பொண்டாட்டியா, இல்லே பாதி பொண்டாட்டியா?"

"இதென்ன கேள்வி?"

"சொல்லு."

"அன்னைக்கேதான்."

"முழுசா?"

"முழுசாத்தான்."

"ஆனா ஒழுங்கா ஒரு மீன் குழம்பு வைக்க உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. குழம்பு வரட்டும், அப்புறம் தாலி கட்டறேன்னு எங்க அண்ணன் சொல்லியிருந்தா நீ இன்னும் உங்க அப்பா வீட்டுலதான் இருப்பே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது. அவர் பக்கத்தில் இல்லாமலே நான் அவருடைய முழு மனைவியாக இருக்கிறேன் என்பதும் அதே நேரத்தில் உறைத்தது. துருவலோடு கை விரலையும் துருவிக்கொண்டேன்.

"அப்பம் சுட்டுத் தரேன்" என்றேன். "ஆனா தின்னமாட்டேன். அந்த ஆள் முட்டி போடற இடத்துல நான் போடமாட்டேன்."

விடியாத ஈஸ்டர்

டோக்கியோ நேரம் என்று கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் ஆராதனை தொடங்கும்போது வெளியே இன்னும் விடியவில்லை. உயிர்த்தெழுந்த நாளை இருட்டில் பாடினோம்.

திராட்சை ரசம் தீர்ந்து வெகு நாள். பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாளின் மரத்து நாவல்பழத்தைப் பிழிந்து காய்ச்சிப் போத்தலில் அடைத்து வைத்திருந்தோம். கோயிலுக்கு என்று தெரிந்தே அவர் கூடை நிறையக் கொடுத்தார். அந்தச் சாறு நாக்கை ஊதாவாக்கிவிடும். யார் பந்திக்குப் போனார், யார் போகவில்லை என்பதை வெளியே வந்து வாயைத் திறந்தால் ஊரே தெரிந்துகொள்ளலாம்.

ஐயர் நடந்து வாசல் பெஞ்சுக்குப் போனார். தேவசகாயத்தின் கையைப் பிடித்தார். யார் யாரைத் தாங்கி வந்தார்கள் என்று சொல்ல முடியாத மாதிரி இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள். தேவசகாயம் பீடத்தின் முன்னாலிருந்த கிராதியருகே முட்டி போட்டு, நான் சுட்ட அப்பத்தை வாங்கித் தின்றார். கிண்ணம் ஒன்றுதான். ஒவ்வொருவர் குடித்த பிறகும் ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார். நான் என் இடத்தை விட்டு அசையவில்லை.

வெளியே வந்ததும் ஞானம் ஊதா நாக்கை நீட்டி எனக்குப் பழிப்புக் காட்டினாள். அதைக்கூடப் பொறுத்தேன். தேவசகாயத்தின் முகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மூட்டை இறக்கி வைத்தவர் முகமாக அது தெளிந்திருந்தது. என் மூட்டை என் தலையிலேயே இருந்தது.

நேரே கிணற்றடிக்குப் போனேன். அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பு கெடச்சிருச்சா?" என்றேன்.

"கெடச்சிருச்சு தங்கச்சி. கர்த்தருடைய கிருபை."

"தங்கச்சின்னு கூப்பிடாதீங்க. கெடச்சது நல்லதாப் போச்சு. இனிமேதான் உங்களுக்கு வேலை. எந்தெந்த வீட்டுல மூணு மாசம்னு சொன்னீங்களோ, அந்தந்த வீட்டுக்கெல்லாம் திரும்பப் போகணும். சொன்னது பொய்னு சொல்லணும்."

அவர் முகத்திலிருந்த தெளிவு போய்விட்டது. "என்னை வெட்டிப் போட்டுருவாங்க. ஜப்பான்காரன் காதுக்குப் போனா அவன் வேற. கர்த்தரே மன்னிச்ச பிறகு இது எதுக்கு?"

"மன்னிப்பு வாங்கறதுக்காகப் போகச் சொல்லலை. அதைத்தான் சும்மாவே குடுத்துட்டாரே. வாங்கினவர் எழுந்து நடக்க வேண்டாமா? உங்க இடத்துக்கு வந்த புது ஆளு இன்னும் வீடு வீடாப் போய் அதே மூணு மாசத்தைச் சொல்லிக்கிட்டிருக்கான். மூத்தவனை அனுப்பின வீட்டுல இளையவனையும் அனுப்பப் போறாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கிளம்பறோம். ஞானமும் வருவா."

"நான் எப்ப வரேன்னு சொன்னேன்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு அதே குரல், "வரேன், வரேன். அன்னைக்கு அடுப்படியில நீ தோத்த பாடத்தை இன்னிக்கு அவருக்கு நடத்தறியே, அதைக் கேக்கறதுக்காவது வரேன்" என்றது.

கதவுகள்

முட்டை வாங்கப் போகிறோம் என்று சாக்கு. கூடையை எடுத்துக்கொண்டு புக்கிட் காதில் வழியே நடப்போம். ஜப்பான் சிப்பாய் காவல் நிற்கிற இடத்தில் இடுப்பு மடங்கக் கும்பிட்டுவிட்டுத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களுக்குள் நுழைவோம். பெரும்பாலும் முருகன் படமும் மாரியம்மன் படமும் மாட்டிய வீடுகள். எங்கள் சபைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. பொய் மட்டும்தான் பொது.

முதல் வீட்டில் ஒரு பெண் கடைசிவரை கேட்டாள். உள்ளே போய், அடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளி வந்து அவர் தலையில் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் அப்படியே நின்றார். ஞானம் தன் முந்தானையால் தட்டிவிடப் போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

இன்னொரு வீட்டில் ஒரு தாய் இரண்டாவது மகனுக்குத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் ரயில். தேவசகாயம் சொன்னதைக் கேட்டு மூட்டையை அவிழ்த்தாள். அந்த மகன் சயாமுக்குப் போகவில்லை. மலாய்க்காரர்களின் கிராமமான கம்போங் ஒன்றில் ஒளிந்திருந்து பிழைத்தான். பிற்காலத்தில் ஆயர் குரோ பக்கம் பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்தான்.

அவர் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார். "மூணு மாசம்னு சொன்னேன்." அதற்குப் பிறகு இரண்டில் ஒன்றைச் சொல்வார். முதலில் போனவர்களின் வீட்டில், "அப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். பிறகு போனவர்களின் வீட்டில், "அப்போ எனக்குத் தெரிஞ்சிருந்தது" என்பார். செத்துப் போனவர்களுக்குப் பதிலாகத்தான் புதிதாக ஆள் கேட்கிறார்கள் என்று நடுவிலேயே அவருக்குத் தகவல் வந்துவிட்டது. தெரிந்தும் அனுப்பியிருக்கிறார்.

எங்கள் வீடு இரண்டில் எது? ஞானம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் பின்னால் நின்று அந்த வாக்கியத்தைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் கூடையின் பிடியை இறுக்கிக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. விடுவேனா? அவர் வீட்டுக்கே போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நான் மாறவே இல்லைம்மா" என்றார் சுவரிடம். "அதே பயம், அதே பொய். நேத்துக்கூட கூப்பன் அரிசிக் கடையில பொய் சொன்னேன். கர்த்தர் என்னை ஏத்துக்கிட்டார்ங்கறதே உண்மைதானான்னு இருக்கு."

"அது முடிஞ்சு போன விஷயம்" என்றேன். "அதை ஏன் தினம் தோண்டிப் பாக்கறீங்க? நீங்க நல்லவரா இருந்ததுக்காகவா ஏத்துக்கிட்டார், இன்னிக்குக் கெட்டவரா இருக்கீங்கன்னு தள்ளிவிட? எழுந்து சட்டையைப் போடுங்க. வெயில் ஏறுது."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அவருடைய மன்னிப்புக்கு நானே வக்கீலாக நின்றிருக்கிறேன். எனக்கே கசந்தது. ஆனால் சொன்னது உண்மை என்று தெரிந்தது. உண்மையை எப்படித் திரும்ப வாங்குவது? அவர் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்.

இத்தனை நாளும் நான் பந்திக்குப் போகவில்லை. அப்பம் சுட்டுக்கொண்டு போவேன், வெறும் வாயோடு திரும்புவேன். ஐயர் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"எப்போ வரப்போறீங்க எஸ்தர்?"

"மனசு சரியாகட்டும் ஐயா. இந்தக் கோபம் போனதும் சுத்தமா வரேன்."

"அப்படியா? அப்போ நீங்களே உங்களுக்கு ஒரு வாசல் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, இருமல் வந்ததால் உள்ளே போய்விட்டார். எனக்கு மகா எரிச்சல்.

கடைசி வீடு

ஒரு நாள் ஜப்பான்காரன் தோற்றான் என்றார்கள். அதற்குப் பிறகு கொஞ்சங்கொஞ்சமாகச் சயாமிலிருந்து ஆட்கள் திரும்பினார்கள். எலும்பும் புண்ணுமாக வந்தார்கள். வருகிறவர்களையெல்லாம் நானும் ஞானமும் போய்ப் பார்த்தோம். ஒருவர் என் கணவரோடு ஒரே முகாமில் இருந்தவர்.

"ரொட்டிக்காரரா?" என்றார். "வயித்துப்போக்குல போயிட்டாரும்மா. போன மழைக்காலத்துக்கு முந்தின மழையில. முகாம்ல குடுக்கற அந்தக் களியைப் பாத்து, ஒரு சிரட்டை கள்ளு மட்டும் கிடைச்சா இதையே ரொட்டியாக்கிருவேன்னு சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பாரு."

அப்படியென்றால் அந்த ஈஸ்டருக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவர் திரும்பி வரட்டும் என்று நான் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது அவர் இல்லை.

நானும் ஞானமும் அழுதோம். மெஷின் மேல் தலையை வைத்து அவள் அழுதாள். நான் அவள் முதுகின்மேல் விழுந்து அழுதேன். இதற்குமேல் அதை எழுதப் போவதில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் தேவசகாயம் வந்தார். ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்களைத் தேடிப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பலர் ஊரை விட்டே ஓடியிருந்தார்கள். அவர் ஓடாமல் எங்கள் வாசற்படிக்குக் கீழே நின்றார். ஞானம் மெஷினை நிறுத்தினாள்.

"உள்ள வாங்க" என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"எல்லா வீட்டுக்கும் போயாச்சு" என்றார். "இங்கதான் வரலை."

இனி சொல்லப்போகிற வார்த்தைகளை எத்தனையோ வாசல்களில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டவள் நான். இப்போது அவர் முகம் எனக்கு எதிரே இருந்தது.

"பாக்கியநாதன்கிட்ட மூணு மாசம்னு சொன்னேன்" என்றார்.

பொய் சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைத்திருக்காது. தெரியாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். சந்தோஷமாக நம்பியிருப்போம்.

"அப்போ எனக்குத் தெரிஞ்சிருந்தது" என்றார்.

ஞானம் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவரை வெறுத்தேன். அப்பத் தட்டை எறியத் தோன்றிய நாளைவிட அதிகமாக வெறுத்தேன். ஆனால் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்த அந்தக் கிராணி இதைச் சொல்லியிருக்க மாட்டார் என்பதும் அதே நொடியில் எனக்குத் தெரிந்தது. நடக்கச் சொன்னவள் நான். அவர் நடந்து நடந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

"சொல்லிட்டீங்க இல்லே" என்றேன். "போங்க."

போனார்.

மறுவாரம் திருவிருந்து. காலையில் எழுந்ததும் மனதைத் தொட்டுப் பார்த்தேன். கோபம் இருந்தது, ஒரு குன்றிமணி குறையாமல் இருந்தது. அது போன பிறகு சுத்தமாக வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அது போகாது என்று அன்று விளங்கிற்று. போகாததோடேயே பந்திக்குப் போவதென்று முடிவு செய்தேன்.

அந்தக் கோபம் பிற்பாடும் பல வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியது. சில நாள் நான் ஜெயிப்பேன், பல நாள் அது ஜெயிக்கும். பரிசுத்தமாவது என்றால் வெள்ளைப் புடவை கட்டிய அமைதி என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அது தினப்படிச் சண்டை. ஏற்றுக்கொள்ளப்பட்டாயிற்று என்கிற ஒரே தைரியத்தில்தான் அந்தச் சண்டையில் இறங்க முடியும்.

ஐயர் அழைத்ததும் எழுந்து கிராதியருகே முட்டி போட்டேன். ஞானம் என் இடது பக்கம். வலது பக்கம் காலியாக இருந்தது. தரைப்பலகை கிறீச்சிட்டது. தேவசகாயம் வந்தார், என்னைப் பார்த்தார், ஒதுங்கி மறுகோடிக்கு நடக்கத் தொடங்கினார்.

"அண்ணே" என்றேன். கோயில் முழுவதற்கும் கேட்டது. "இங்க இடம் இருக்கு."

அவர் வந்து முட்டி போட்டார். கிண்ணம் முதலில் அவருக்குப் போனது. அவர் குடித்தார். ஐயர் விளிம்பைத் துடைப்பதற்கு வெள்ளைத் துணியை எடுத்தார்.

நான் கையை நீட்டித் துணியை விலக்கிவிட்டு, கிண்ணத்தை வாங்கிக் குடித்தேன்.